அடுப்படி ஜெர்மன்

செட்டிநாட்டு அடுப்படிக்கு அந்நிய பாஷை புதிதல்ல. பீங்கான், எனாமல் பாத்திரங்களைக் காரைக்குடிப் பக்கத்தில் 'மங்குச் சாமான்' என்பார்கள். மலாய்க்காரர்கள் கிண்ணத்துக்குச் சொல்லும் 'மங்கோக்'கின் உறவு அது. பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசி ஒரு காலத்தில் ஜாவா அரிசியாக இருந்தது. கல்யாண வீட்டில் கறுத்துப் பளபளக்கும் கவுனி அரிசி பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது என்று எந்த ஆச்சியைக் கேட்டாலும் சொல்வார். கொண்டுவிற்கப் போனவர்கள் பணத்தையும் தேக்கு மரத்தையும் கொண்டுவந்தபோது, கூடவே நாலு சொல்லையும் கொண்டுவந்து அடுப்படியில் போட்டுவிட்டார்கள். அவற்றை யாரும் உட்கார்ந்து பாடம் படிக்கவில்லை. பண்டம் வந்தது, அதன் கையைப் பிடித்துக்கொண்டு பெயரும் வந்தது.

நான் சொல்லப் போவது வேறு விதமான சம்பவம். இங்கே பண்டம் எதுவும் வரவில்லை. ஆள்தான் போக வேண்டியிருந்தது. போவதற்குச் சொல் வேண்டியிருந்தது.

காரைக்குடியில் நான் குடியிருந்த தெருவில், எதிர்வீட்டு அம்மாள் பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்குச் சமையல் வேலைக்குப் போகிறவள். முப்பது வருஷமாக அடுப்பு நெருப்போடு பேசிப் பழகியவள். படிப்பு கிடையாது. அவளுடைய ஒரே பிள்ளையும் கரண்டி பிடித்தவன்தான். சென்னையில் ஒரு ஹோட்டலில் இருந்துவிட்டு, அங்கிருந்து ஜெர்மனியில் டார்ட்முண்ட் நகரத்தில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தான். அந்த நாட்டில் இப்படி வெளிநாட்டுச் சமையல் தெரிந்தவர்களை, அந்தந்த நாட்டு உணவுக் கடைகளுக்கென்று, அதிகம் போனால் நாலு வருஷத்துக்கு அனுமதி கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அவன் போகும்போது மனைவி முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறந்து தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்கிற வரைக்கும் தகப்பனைக் கைப்பேசிக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருந்தது.

அவளும் பிள்ளையும் போய்ச் சேர்வதற்கு வழி இருந்தது. ஆனால் வழியில் ஒரு வாசற்படி. 2007-ஆம் வருஷம் ஜெர்மனியில் ஒரு சட்டம் செய்தார்கள்: அங்கே இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விரும்புகிறவர், புறப்படுவதற்கு முன்பே ஜெர்மன் மொழியில் முதற்படித் தேர்வு எழுதித் தேறியிருக்க வேண்டும். பெரிய உத்தியோகத்தில் இருக்கும் சில வகையினரின் மனைவிமாருக்கு விலக்கு உண்டு. இது நடந்த 2018-ஆம் வருஷத்தில், சமையல்காரன் மனைவிக்கு விலக்கு இல்லை. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. 100-க்கு 60 வாங்க வேண்டும். அந்தப் பெண் பத்தாவதோடு நின்றவள்.

"ஐயா, நீங்க கதை எழுதுறவுக. உங்களுக்குத் தெரியாத பாஷையா?" என்று ஒருநாள் சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

கதை எழுதுகிறவனுக்கு எல்லாப் பாஷையும் தெரியும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மன், சில ஆசிரியர்களின் பெயர்களோடு சரி. அதைச் சொன்னேன். அவள் போகவில்லை. "நீங்களும் கூடப் படிங்க ஐயா" என்றாள். அப்படித்தான் நான் அறுபது வயதுக்கு மேல் ஒரு பாஷைக்கு மாணவனானேன். பாடப் புத்தகமும் ஓர் அகராதியும் மதுரையிலிருந்து வந்தன. வகுப்பு எங்கே நடந்தது என்றால், எதிர்வீட்டு அடுப்படியில். அவளுக்கு வேலை ஓய்கிற நேரம் என்று தனியாக ஒன்று இருந்தால்தானே?

அடுப்படியில் நடந்ததால் அடுப்படிச் சொற்களே முதலில் வந்தன. புத்தகம் விமான நிலையத்திலிருந்து தொடங்கிற்று. நாங்கள் வெங்காயத்திலிருந்து தொடங்கினோம்.

வெங்காயத்தில்தான் எங்களுக்கு முதல் தைரியம் பிறந்தது. ஜெர்மன் சமையல் குறிப்பு ஒன்றில், 'ட்ஸ்வீபல்ன் ஷேலன் உண்ட் ஃபைன் வ்யூர்ஃபல்ன்' என்று இருந்தது. அகராதியைப் புரட்டி ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழை எழுதிக்கொண்டு போனேன். ட்ஸ்வீபல்ன் — வெங்காயங்களை. ஷேலன் — உரித்து. உண்ட் என்பது 'உம்' மாதிரி. ஃபைன் — பொடியாக. வ்யூர்ஃபல்ன் — நறுக்கவும். கடைசிச் சொல்லை எழுதிவிட்டுப் பார்த்தால், ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றாமல் தமிழ் வாக்கியம் வந்து உட்கார்ந்திருக்கிறது: வெங்காயத்தை உரித்துப் பொடியாக நறுக்கவும்! இங்கிலீஷில் 'உரி' என்று முதலில் அதட்டிவிட்டுப் பிறகுதான் எதை உரிப்பது என்று சொல்வார்கள். ஜெர்மன் சமையல் குறிப்பு நம்மைப் போலவே பண்டத்தை முதலில் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் வேலையைச் சொல்கிறது. இங்கிலீஷைக் கண்டு பயந்திருந்த அந்தப் பெண், "இது நம்ம பேச்சு மாதிரில்ல இருக்கு!" என்று சிரித்தாள்.

வ்யூர்ஃபல் என்றால் பகடை. வெங்காயத்தைப் பகடை பகடையாக நறுக்குகிறார்கள் என்று விளக்கினேன். அடுப்பருகே இருந்த மாமியார், "தாயம் விழுந்தாச் சரிதான்" என்றாள்.

அந்த அம்மாள் பாடத்துக்குள் வந்தது அப்படித்தான். எழுத்துத் தெரியாதவள், பரீட்சை வைக்க ஆரம்பித்தாள். கையில் அகப்பட்ட சாமானைத் தூக்கிக் காட்டுவாள். "இதுக்கு அவுக என்ன சொல்றாக?" மருமகள் சொல்ல வேண்டும். திணறினால், சாமானைக் கீழே வைக்காமல் காத்திருப்பாள். அதைவிடக் கண்டிப்பான வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

கரண்டியில் ஒரு வம்பு வந்தது. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச் சொல்லுக்கும் ஆண், பெண், அலி என்று பால் உண்டு. கரண்டி 'டேர் லெஃபல்' — ஆண். முள்கரண்டி 'டீ காபல்' — பெண். கத்தி 'டாஸ் மெஸ்ஸர்' — இரண்டும் அல்ல. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். தமிழ் இலக்கணம் இந்த விஷயத்தில் எவ்வளவு நியாயமானது என்று எனக்கு அன்றைக்குத்தான் பட்டது. மனிதரும் தேவரும் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை, கரண்டிக்கு மீசை வரைய வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

அதைவிட அவளைத் தைத்தது வேறொன்று. பெண்பிள்ளையைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல் அங்கே ஆணுமல்ல, பெண்ணுமல்ல. "பொம்பளப் பிள்ளைய 'அது'ங்கிறாகளா?" என்று முகம் சுருங்கிற்று. சொல்லின் வாலில் இருக்கும் 'ஷென்' என்பது சின்னது, செல்லமானது என்று காட்டுகிற விகுதி. அது ஒட்டிக்கொண்டால் எந்தச் சொல்லும் அஃறிணை மாதிரி ஆகிவிடும் என்று புத்தகத்தில் கண்டதைச் சொன்னேன். மாமியார் குறுக்கிட்டாள். "ஏன் ஆத்தா, நாங்க மட்டும் என்ன சொல்றோம்? 'எங்க வீட்டுப் பிள்ள, அது நல்ல பிள்ள'ன்னுதானே உன்னையச் சொல்றேன்?" மருமகள் ஒன்றும் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். 'டாஸ்' என்ற சொல் அதற்குப் பிறகு அவளுக்கு மறக்கவே இல்லை.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மன் சொல், அதன் எதிரே தமிழில் உச்சரிப்பு, அப்புறம் பொருள் என்று மூன்று பத்தி. உச்சரிப்பைத் தமிழில் எழுதுவது எளிதாக இல்லை. உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்ல வேண்டிய எழுத்து ஒன்று. அதே மாதிரி 'எ' சொல்ல வேண்டியது இன்னொன்று. அதைத் தவறவிட்டால் சமையலறை பலகாரமாகிவிடும். 'க்யூஹெ' சமையலறை, 'கூஃகன்' கேக். பாத்திரம் 'ஷ்யூஸல்', நடுவில் ஒரு 'ல்' நுழைந்து 'ஷ்ல்யூஸல்' ஆனால் சாவி. தொண்டையைக் காறுகிற மாதிரி அவர்களுக்கு ஓர் ஒலி உண்டு. அதற்கு என்ன எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் மூன்று புள்ளியை வைத்துவிட்டாள். ஆய்த எழுத்து! பள்ளிக்கூடத்தில் 'அஃது' என்ற ஒரு சொல்லுக்காக நாம் காப்பாற்றி வைத்திருந்த எழுத்துக்குக் காரைக்குடி அடுப்படியில் உத்தியோகம் கிடைத்தது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது என்பதை நான் அவளுக்குச் சொன்னேன். 1706-ஆம் வருஷம் ஸீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி எழுத்துக் கற்றார். பேச்சுச் சொற்களுக்கு ஒன்று, செய்யுட் சொற்களுக்கு ஒன்று என இரண்டு அகராதிகள் தொகுத்தார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் அச்சாயிற்று. வேட்டியும் சேலையுமாக இருந்த ஜனங்களுக்கு நடுவே, ஒரு வெள்ளைக்காரர், 'இது என்ன, அது என்ன' என்று ஒவ்வொரு சாமானாகக் காட்டிக் கேட்டுக்கொண்டு திரிந்திருப்பார். "அவருக்கு யாரு பரீட்சை வச்சாக?" என்று அவள் கேட்டாள். யாரும் வைக்கவில்லை என்றேன்.

சொற்களில் சில, எங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டன. இஞ்சியை எடுத்து மாமியார் நீட்டியபோது, 'இங்வர்' என்று புத்தகம் சொல்லிற்று. இஞ்சிவேர்தான் பாலி மொழியில் சிங்கிவேரமாகி, கிரேக்கரிடமும் ரோமரிடமும் கைமாறி, வடக்கே அந்த உருவில் போய்ச் சேர்ந்தது என்று மொழி நூலார் வழி சொல்கிறார்கள். மிளகு 'ப்ஃபெஃபர்'. அது திப்பிலியின் வடமொழிப் பெயரான பிப்பலியிலிருந்து கிளம்பியது. பெயர் திப்பிலியினுடையது, ஒட்டிக்கொண்டது மிளகின் மேல். 'ட்ஸுக்கர்' நம் சர்க்கரையின் தூரத்து உறவு. மாங்காய் போர்த்துகீசியர் வாயில் புகுந்து அங்கே 'மாங்கோ'வாக நிற்கிறது. "எல்லாம் நமக்கு முன்னாலயே போயிருச்சு" என்றாள் மாமியார். இஞ்சியும் மிளகும் பரீட்சை எழுதாமலே எல்லை தாண்டியவை என்று எனக்குத் தோன்றிற்று.

உறவுமுறை கொண்டாடிய சொற்கள் சில என்றால், ஏமாற்றுகிற சொற்களும் இருந்தன. சீரகத்துக்கு மகன் போன முதல் வாரத்தில் பட்ட பாட்டை அவன் பேசியில் சொல்லிச் சிரித்தான். 'க்யூமல்' என்ற பொட்டலத்தைப் பார்த்து, சீரகம் என்று வாங்கிக் குழம்பில் போட்டானாம். உருவம் அதே, வாசனை வேறு. அது அவர்கள் ரொட்டியில் போடுகிற விதை. நம் சீரகத்துக்கு 'க்ராய்ட்ஸ்க்யூமல்' என்று முன்னால் ஒரு சொல் சேர்க்க வேண்டும். அங்கே அவனுக்கு முதலில் கை கொடுத்தவர் கூட வேலை பார்க்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். 1983 கலவரத்துக்குப் பிறகு அந்த நாட்டுக்குப் போன ஈழத் தமிழர்களில் அநேகம் பேர் ஹோட்டல் சமையற்கட்டுகளில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். தான் கற்ற முதல் ஜெர்மன் சொல் 'ஷ்ப்யூலன்' — பாத்திரம் கழுவு — என்று அவர் சொன்னாராம். டார்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஹாம் என்ற ஊரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் கட்டி 2002-இல் கும்பாபிஷேகமும் நடத்திவிட்டார்கள். பாத்திரம் கழுவுவதில் ஆரம்பித்த பாஷை அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

அங்கேயும் அடுப்படிக்காரர்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணம் எங்களுக்கு மெல்ல மெல்ல உறைத்தது. நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசாவை அவர்கள் 'மோன்' என்று சொல்லி, அரைத்து இனிப்புப் பலகாரத்துக்குள் வைக்கிறார்கள். வடக்குக் கோடியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பக்கம், நம் பணியாரச் சட்டி போலவே குழி குழியான இரும்புச் சட்டியில் உருண்டைப் பலகாரம் சுடுகிறார்கள். சிட்டிகைக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்து 'மெஸ்ஸர்ஷ்பிட்ஸெ' — கத்தி முனையில் நிற்கிற அளவு — என்றும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சமையல் குறிப்புக்கும் வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டுக்கும் ஒரே பெயர்: 'ரெட்ஸெப்ட்'. இதைக் கேட்ட மாமியார், "விவரமானவுகதான்" என்று நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டாள். ரசத்தை மருந்தென்று நினைக்கிறவளுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

ஆனால் ஒருநாள் சொல் கிடைக்காமல் நின்றோம். எண்ணெய் காய்ந்திருந்தது. கடுகு வெடித்தது. "இதுக்கு என்ன?" என்றாள் மாமியார். தாளிப்பதற்கு அகராதியில் சொல் இல்லை. வறுக்க இருக்கிறது, பொரிக்க இருக்கிறது, வதக்க இருக்கிறது, வேகவைக்க இருக்கிறது. கொஞ்சம் எண்ணெயில் கடுகை வெடிக்கவிட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, அந்த வாசனையை ஒரு சட்டியிலிருந்து இன்னொரு சட்டிக்கு மாற்றுகிற காரியத்தை ஒரே சொல்லில் சொல்ல முடியவில்லை. அவள் மூன்று வாக்கியம் சேர்த்து எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் கடுகு கருகிவிட்டது.

அப்படியே சுளகில் புடைப்பதற்கும் எங்களுக்கு வழி தெரியவில்லை. அந்த நாட்டுச் சமையலறைக்குள் சுளகு கிடையாது. அம்மியில் அரைப்பது, உரலில் இடிப்பது, திருகையில் திரிப்பது என்று மாமியாரின் கைக்கு ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வினைச்சொல் இருந்தது. மருமகள் அவற்றை வரிசையாக நோட்டின் இடது பக்கம் எழுதி, வலது பக்கத்தைக் காலியாக விட்டாள். கொஞ்ச நாளில் அந்தப் பக்கங்கள் பெருகின. அவற்றைப் பார்த்தபோது எனக்கு ஒரு விசித்திரம் தெரிந்தது. அந்தச் சொற்களை அவள் இதற்கு முன் எழுதி வைத்ததே இல்லை. ஜெர்மன் கற்கப் போய், மாமியாரின் சமையலறையை முதல் தடவையாகத் தமிழில் எழுதிவிட்டாள்.

இவ்வளவு நேரமும் நான் சிரிப்பும் வேடிக்கையுமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கு உறுத்திக்கொண்டிருந்த ஒன்றைச் சொல்லவில்லை. மருமகள் ஒவ்வொரு சொல்லாகத் தேற, மாமியார் ஒவ்வொரு நாளாகத் தனிமைக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தாள். கரண்டியைத் தூக்கிக் காட்டி, "இதுக்கு என்ன?" என்று கேட்டவள், தன் வீட்டைத் தானே காலி செய்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கத்துக்கு இது புதிதில்லைதான். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருஷக் கணக்குக்குப் போனவர்களின் மனைவிமார், பெரும்பாலும் இந்த ஊர்களில்தான் இருந்தார்கள். எண்பது தூண் நிற்கிற வீட்டில் ஒரு மூலையில் அடுப்பு எரியும். அவர்களை யாரும் பரீட்சை எழுதச் சொல்லவில்லை, அழைத்துக்கொண்டும் போகவில்லை. இப்போது மனைவிக்கு வழி பிறந்திருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிற வேலை மட்டும் ஆள் மாறித் தாயிடம் வந்திருக்கிறது.

இதை நான் அந்த அம்மாளிடம் ஒரு தரம் ஜாடையாகக் கேட்டேன். "நீங்க ஒத்தையில இருக்கணுமேம்மா?"

"அதுக்காக? புருசன் பொஞ்சாதி ஒரு அடுப்புல இருக்கணுமுங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் பேச இடம் கொடுக்கவில்லை. முருங்கைக்காயைத் தூக்கிக் காட்டி மருமகளைக் கேள்வி கேட்கப் போய்விட்டாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் அந்தப் பெண் பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனாள். பேச்சுத் தேர்வில் சீட்டு எடுக்கச் சொல்வார்கள். சீட்டில் ஒரு தலைப்பும் ஒரு சொல்லும் இருக்கும். அதை வைத்துப் பக்கத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்க வேண்டும். அவளுக்கு வந்த தலைப்பு, 'உணவும் பானமும்'. திரும்பி வந்து சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! "அத்தை கேக்குற மாதிரியே கேட்டுட்டேன் ஐயா" என்றாள். சில நாள் கழித்து முடிவு வந்தது. தேறிவிட்டாள். விசா வர மேலும் சில மாதம் ஆயிற்று.

அந்த மாதங்களில் வகுப்பு நின்றுபோகும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஒருநாள் மாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். மருமகள் கடைக்குப் போயிருந்தாள். பேரன் திண்ணையில் மங்குக் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயா, 'சாப்பிட்டியா'ங்கிறதுக்கு அவுக பாஷையில என்ன?"

அது பாடத்தில் வந்ததே இல்லை. அந்த ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாயா என்று விசாரிக்கிற வழக்கம் கிடையாது. அகராதியை வைத்துக்கொண்டு கோத்துப் பார்த்தேன். 'ஹாஸ்ட் டூ ஷோன் கெகெஸன்?'

"இதுல 'நீ'யா, 'நீங்க'ளா?"

"நீ. நமக்கு இருப்பது போலவே அவர்களுக்கும் இரண்டும் உண்டு."

"நீயே போதும்" என்றாள். பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்: "இவனுக்கு இப்ப பேச்சு வர்ற வயசு. நாலு வருசம் அங்க இருந்தா எந்தப் பேச்சு வரும்? போன்ல நான் ஒண்ணு கேக்க, அவன் முழிக்கக் கூடாதுல்ல."

சொல்லச் சொல்லித் திரும்பச் சொன்னாள். 'கெகெஸன்' முதலில் கெஞ்சுகிற மாதிரி வந்தது, அப்புறம் சரியாயிற்று. எழுதிக்கொள்ள அவளுக்குத் தெரியாது. அதனால் உரலில் நெல்லைப் போட்டுக் குத்துகிற மாதிரி ஒரே தாளத்தில் பத்துத் தடவை, இருபது தடவை சொல்லிக்கொண்டே இருந்தாள். பேரன் கிண்ணத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தான்.